பழுது யார் பக்கம்

என் வீட்டுக்காரிக்கு, நானும் என் முதுகுவலியும் நலம். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

போனில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். என் குரல் கேட்கவில்லை என்று அந்த ரிப்பேர் கடைக்காரனை மூன்று தடவை வீட்டுக்கு வரவழைத்து, உன் போனுக்கு ஸ்பீக்கர் மாற்றினாய். "பொறுமையான மனுஷன்ங்க, மறுபடியும் வர்றேன்னிருக்கார்" என்றாய். எனக்கு வயிறு எரிந்தது. பட்டம் இல்லாமல், செத்த போன்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

நேற்று முதலாளியும், "போன்ல உன் குரலே கேக்கலயேப்பா" என்றார். என் போனைப் பிரித்தேன். மைக் ஓட்டை முழுக்கத் தூசி. ஊரார் போனையெல்லாம் துடைத்தவன் இதைத் திறந்ததே இல்லை.

அவன் கழற்றிய பழைய ஸ்பீக்கரைப் பத்திரமாக எடுத்து வை. லீவு கிடைத்ததும் வந்து என் கையால் மாட்டுகிறேன்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. தூசி விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

உன் மெக்கானிக்