நாற்காலிக்காரர் ஓட்டு

ரெட்டிபாளையம்
24-11-1946

அன்பு மகள் புஷ்பவல்லிக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோழி நடந்தது போல இருந்தாலும் இது உன் அப்பன் அமிர்தலிங்கம் எழுதியதுதான். வரி நேராகப் போக மாட்டேன் என்கிறது. முதலில் சிலேட்டில் எழுதி, அதைப் பார்த்து இதில் எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன், இப்போது மாடு திரும்பும் நேரம்.

கோயில் மண்டபத்தில் அரியமுத்து வாத்தியார் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார். ஆடி மாதம் சேர்ந்தேன். மூன்று வருடமாக உனக்குக் கடிதம் போடவில்லை. உன் அண்ணன் சின்னதுரை கையால் எழுதச் சொன்னால், நான் நினைத்ததை அவன் எழுதுவானா? நீ உன் விருப்பப்படி மாலை மாற்றிக்கொண்ட நாளில், இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னவன் அவன். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எனக்கே எழுத வருகிறது.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். வாத்தியார் படிக்கக் கொடுத்த பத்திரிகையில் சென்னைப் பட்டணத்து மேயர் படம் இருந்தது. நீள அங்கி, கழுத்தில் தங்கச் சங்கிலி. உன் வீட்டுக்காரர் அந்த ஆபீசில்தானே வேலை பார்க்கிறார்? மேயர் கலெக்டரை விடப் பெரியவரா? ஒருவனைப் பிடித்து உள்ளே போடுவாரா? இன்ன வாசலில் இன்னார் நுழையலாம் என்று உத்தரவு போட முடியுமா?

அம்மா நலம். பதில் போடு. பெரிய எழுத்தாக எழுது.

உன் அப்பா
அமிர்தலிங்கம்

---

சென்னை
2-12-1946

அன்புள்ள அப்பாவுக்கு,

கவரின் மேல் இருந்த எழுத்து யாருடையது என்று தெரியாமல்தான் பிரித்தேன். உள்ளே உங்கள் பெயரைப் பார்த்ததும் படிக்க முடியவில்லை. அவர்தான் வாசித்துக் காட்டினார். கோழி இல்லை அப்பா, மயில் நடந்திருக்கிறது.

மேயரைப் பற்றி அவரிடம் கேட்டேன், சிரித்தார். ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒரு வருடத்துக்கு மேயராக்குகிறார்கள். அவர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார், யார் பேசலாம், யார் உட்காரலாம் என்று சொல்வார். எந்தக் காகிதத்தையும் வரவழைத்துப் பார்க்கலாம், ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம். ஆனால் தெரு கூட்டும் ஆளைக்கூட அவர் நேராக இடம் மாற்ற முடியாதாம். ஆட்களும் வேலையும் கமிஷனர் கையில். கமிஷனர் சர்க்கார் அனுப்பும் ஆள். "மேயர் நாற்காலியில இருப்பாரு, சாவி கமிஷனர் இடுப்புல இருக்கும்னு எழுது" என்றார் இவர். உள்ளே போடுவது போலீஸ் வேலை. வாசல் உத்தரவும் மேயரிடம் கிடையாது.

நீங்கள் எந்த வாசலை நினைத்துக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இப்போது நாலாம் மாதம். மாசியில் ஏழு பிறக்கிறது. அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள். தலைப்பிரசவத்துக்கு எந்த ஊர் ரயில் ஏறுவாய் என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அன்பு மகள்
புஷ்பவல்லி

---

ரெட்டிபாளையம்
15-12-1946

என் தங்கம் புஷ்பவல்லிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு பொழுது பிடித்தது. நாலாம் மாதம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அம்மா பதறி, "என்ன, என்ன?" என்று உலுக்கினாள். சொன்னேன். அன்றே வேப்பெண்ணெய்க்கும் பழந்துணிக்கும் சொல்லி வைத்துவிட்டாள். நீ வரப்போவது முடிவாகிவிட்டது போல இருக்கிறது அவள் நடப்பு.

மேயர் சமாசாரம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய சங்கிலி போட்டவர் ஒரு துடைப்பத்தை நகர்த்த முடியாதா! பிறகு யோசித்தேன். இந்த வீட்டுக்கு நானும் மேயர்தானே? பந்தியில் முதல் இலை எனக்கு. ஊரார் வந்தால் பாய் எனக்கு. களஞ்சியச் சாவி, வண்டி, மாடு, ஆள் எல்லாம் சின்னதுரை கையில். அவன் கமிஷனர். எனக்குச் சங்கிலிகூட இல்லை.

நீ வரவேண்டும் என்று அவனிடம் சொன்னேன். "அந்தப் பேச்சே வேணாம்ப்பா" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாப்பிள்ளையைக் கேள்: வேறு யாராலும் முடியாமல், மேயர் ஒருவரால் மட்டும் முடிகிற காரியம் ஒன்றாவது உண்டா? இல்லாவிட்டால் எதற்கு அந்த நாற்காலி?

அப்பா

---

சென்னை
27-12-1946

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் "மாப்பிள்ளை" என்று எழுதியிருந்த இடத்தை அவர் பல தடவை படித்தார். அன்று மாலை மல்லிகைப்பூ வாங்கி வந்தார்.

ஒன்று உண்டாம். கூட்டத்தில் ஓட்டு இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால், தலைமை வகிப்பவருக்கு முடிவு ஓட்டு. அது விழுகிற பக்கம்தான் தீர்மானம். இவர் ஒரு தடவை நேரிலேயே பார்த்திருக்கிறார். ஒரு சந்துக்குக் குழாய் போடுவதா வேண்டாமா என்று சமமாக நின்றது. மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "போடலாம்" என்றாராம். தண்ணீர் வந்துவிட்டது. கவுன்சிலில் பெண்களும் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறார்கள் அப்பா, அதையும் உங்களுக்கு எழுதச் சொன்னார்.

ஆனால் எனக்காக அண்ணனோடு சண்டை வேண்டாம். இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. வளையல் மட்டும் அம்மா கையால் போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

புஷ்பவல்லி

---

ரெட்டிபாளையம்
20-1-1947

மகள் புஷ்பவல்லிக்கு,

இந்தக் கடிதம் நீளம். விரல் வலிக்கிறது, ஆனாலும் சந்தோஷம்.

பொங்கல் முடிந்த மறுநாள், நீ வரலாமா வேண்டாமா என்று ஓட்டெடுக்க, களத்துமேட்டில் வீட்டாரைக் கூட்டிக் கூட்டம் போட்டேன். குரும்பலூரிலிருந்து என் அண்ணன் ஆண்டவர் கரியில் ஓடும் பஸ் ஏறி வந்திருந்தார். உன் பெரியப்பா உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர், நம் பக்கம்தான் பேசுவார் என்று நம்பி நானேதான் வரச் சொன்னேன். வந்தவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தம்பி, சின்னதுரை சொல்றதுதான் சரி. ஊர் என்ன சொல்லும்?" என்று தலைகீழாகப் பேசினார்.

உன் அம்மா, "என் பொண்ணு வரட்டும்" என்றாள்.

சின்னதுரை எழுந்தான். "பொம்பளைங்களுக்கெல்லாம் ஓட்டா? இது வூடா, முனிசிபல் ஆபீசா?"

"மெட்ராஸ்லயே பொம்பளைங்க ஓட்டுப் போடுறாங்கடா. உக்காரு. தலைவர் சொன்னா உக்காரணும்" என்றேன். உட்கார்ந்துவிட்டான்! அந்த அதிகாரம் மெய்யாகவே வேலை செய்கிறது.

இரண்டுக்கு ஒன்று என்று நம் பக்கம் தோற்கிற நிலை. அப்போது முறத்தோடு நின்ற உன் அண்ணி கலியம்மாள், "மாமா, எனக்கும் உண்டுங்களா?" என்றாள்.

"உண்டும்மா."

"எனக்கு மூணு பிரசவமும் எங்கம்மா வூட்லதான். நாத்தனாருக்கு மட்டும் அம்மா வூடு இல்லையா? வரட்டும்."

"அடியே!" என்றான் உன் அண்ணன்.

"போட்டாச்சு. இனிமே திருப்பி எடுக்க முடியாது" என்று அவள் புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மூக்குக்கண்ணாடி இல்லை. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "வரலாம்" என்றேன். மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லவேண்டிய வார்த்தை அது.

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சின்னதுரை சிரிக்கவில்லை. துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போனான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சாவியும் வண்டியும் அவனிடம்தான். ஆகவே கேட்கிறேன்: தீர்மானம் ஆன பிறகு கமிஷனர் மாட்டேன் என்று சொன்னால் சட்டம் என்ன சொல்கிறது?

அப்பா

---

சென்னை
29-1-1947

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணியின் காலைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

சட்டப்படி, கவுன்சில் தீர்மானத்தைக் கமிஷனர் நடத்தித்தான் ஆகவேண்டும், சர்க்கார் குறுக்கே நிறுத்தினால் ஒழிய. ஆனால் அப்பா, நான் தீர்மானத்தின் மேல் ஏறி வர மாட்டேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டி ஓட்டினால், அரியலூர் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நான் எப்படி உட்கார்ந்து வருவேன்? அவர் வாயால் ஒரு சொல் வரட்டும். வந்தால் அன்றே கிளம்புகிறேன். வராவிட்டால் ஆஸ்பத்திரிதான். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

புஷ்பவல்லி

---

ரெட்டிபாளையம்
9-2-1947

என் தங்கம் புஷ்பவல்லிக்கு,

சர்க்கார் என்றால் இந்த வீட்டில் உன் அம்மா. அவள் நிறுத்த மாட்டாள். மீதியைக் கேள்.

உன் கடிதம் வந்தபோது சின்னதுரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று சத்தமாகப் படித்தேன். இத்தனை நாளும் அவன்தான் எனக்குப் படித்துக் காட்டுவான். இப்போது நான் அவனுக்கு. எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கித்தான் வந்தது. "அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு" என்ற இடத்தில் தடுமாறி, வரியை மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். அவன் என் கையிலிருந்து பிடுங்கிப் படிப்பான் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. மாடு குடித்து முடித்த பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றான். நான் முழுவதும் படித்து முடித்தேன்.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். இரவு இலையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டான்:

"எந்த வண்டில வருதாம்? ராத்திரி வண்டியா, காலை வண்டியா?"

அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

"இந்தப் பனில காலை வண்டிதான் நல்லதுன்னு எழுதுப்பா" என்றான். அதுதாம்மா அவன் வாயிலிருந்து வந்த சொல். உனக்குப் போதுமா? எனக்குப் போதும். இப்போது அவன் வண்டி அச்சுக்கு எண்ணெய் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். வைக்கோலின் மேல் போட அண்ணி மெத்தை தைக்கிறாள்.

மாப்பிள்ளையும் கூட வரட்டும். கேட்க நிறைய இருக்கிறது. வருடம் முடிந்ததும் மேயர் அந்தச் சங்கிலியைத் தானே கழற்றுவாரா, யாராவது வந்து கழற்றுவார்களா?

எந்த நாள் என்று உடனே எழுது. அடுத்த வாரமும் நான் எழுதுவேன். அதற்குள் நீ வந்துவிட்டாலும் விட மாட்டேன், ஸ்டாம்பு ஒட்டாமல் உன் கையிலேயே கொடுப்பேன்.

உன் அப்பா
அமிர்தலிங்கம்