பச்சை நோட்டின் முதல் பக்கம்

உன் மகள் கொடுத்த பச்சை நோட்டு மூன்று நாளாக என் மேஜை மேல் கிடக்கிறது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "இத்த உங்களாண்ட குடுக்கச் சொல்லிச்சு அம்மா" என்று பழைய புடவைத் துணியில் சுற்றிக் கையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்ததும் தோல் பதனிடும் கடுக்காயின் வாசனை. நாம் வேலை பார்த்த பம்மல் தோல் ஷெட்டை இடித்து அடுக்குமாடி கட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது. வாசனை மட்டும் இந்த நோட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

நடுப்பக்கங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். வலது பக்கம் சரிந்து விழும் உன் எழுத்து, தோல் கொண்டுவந்து விற்கும் மண்டிக்காரர்களின் கிறுக்கல் கையெழுத்து, ஓரங்களில் உப்பு பூத்த கறை. அட்டைக்கு அடுத்த முதல் பக்கத்தை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயம். ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு ஒரு நோட்டைப் பார்த்து என்னடி பயம் என்று கேட்பாய். நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாத விஷயமா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வெயில் காலம். சேலையூரிலிருந்து தாம்பரம் வந்து, பல்லாவரத்தில் பஸ் மாறி, பம்மல் கம்பெனி வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். தாம்பரத்தில் மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிக்கும் தற்காலிக வேலை. உங்கள் கம்பெனிக்குக் கணக்கு டேட்டாபேஸ் போட்டுத் தர வேண்டும். அதற்கு முதலில் கம்பெனியின் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் சார்ட் காகிதத்தில் படமாக வரைய வேண்டும். ஆர்டர், சரக்கு வரவு, பில், பணம் பட்டுவாடா, விற்பனை, வசூல் என்று ஆறு பெட்டிகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி, கடைசியிலிருந்து மறுபடி முதலுக்கு. "கம்பெனின்னா எல்லாம் இந்த வட்டந்தாம்மா. சோப்பு வித்தாலும் இதான், தோல் வித்தாலும் இதான்" என்று என் சார் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஸ்டோர்ஸில் சரக்கு எழுதுகிறவள் நீ. என் வயதுதான் உனக்கும். ஆனால் கழுத்தில் தாலி, இடுப்பில் சாவிக்கொத்து, வீட்டில் ஒரு கைக்குழந்தை. என் பெயரை ஒரு தடவை கேட்டுவிட்டு, அதைச் சௌகரியமாக மறந்து, "கம்ப்யூட்டரு" என்று கூப்பிட ஆரம்பித்தாய். நான் சார்ட்டை விரித்ததும் குனிந்து இரண்டாவது பெட்டியில் விரல் வைத்தாய்.

"இன்னா கம்ப்யூட்டரு, வந்தவொடனே நம்ம தோலுன்னு எழுதிகினே?"

"பின்னே யாரோட தோல்?"

"இது பேச்சு முடியாத தோலு. இன்னும் யார்தும் இல்ல. ஊறப் போட்டு விரிச்சுப் பாத்தாத்தான் ஓட்டை கீதா, உண்ணி கடிச்சுகீதான்னு தெரியும். அப்பால மண்டிக்காரரு வெல பேச வந்து குந்துவாரு. பேச்சு முடிஞ்சா நம்பளுது. முடியாததுக்கு உப்பு தடவி வண்டில ஏத்திகினு பூடுவாரு."

பத்து நாளோ இருபது நாளோ, நம் கொட்டகையில் நம் தண்ணீரில் ஊறிக்கொண்டு, ஆனால் நம்முடையதாக இல்லாமல் கிடக்கும் தோல். என் வட்டத்தில் அதற்கு இடம் இல்லை. உன் பச்சை நோட்டு முழுவதும் அந்தக் கணக்குதான் என்று காட்டினாய். எத்தனை வந்தது, எத்தனை நின்றது, எத்தனை திரும்பிப் போனது, ஏற்றிக்கொண்டு போனவர் கையெழுத்து. நான் அந்த நோட்டில் வெறுமையாக இருந்த முதல் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பெட்டி வரைந்து, உள்ளே வர ஒரு அம்பு, வெளியே போக ஒரு அம்பு போட்டு, "பேச்சு முடியாத தோல், தனி டேபிள்" என்று எழுதினேன். "கையெழுத்து போடு. அப்பால இல்லன்னுவ" என்று சீண்டினாய். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

அன்று சாயங்காலம் தாம்பரத்தில் சார் மேஜைக்கு முன்னால் நின்றேன். டேட்டாபேஸில் இன்னொரு டேபிள், அதாவது இன்னொரு பட்டியல், என்றால் இன்னும் இரண்டு வார வேலை. முந்தின வாரம்தான், சொன்ன தேதிக்கு முடியாது என்று சொன்ன ஒருத்தியை எல்லோர் எதிரிலும் கிழிகிழியென்று கிழித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டிலோ அப்பா ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருந்தார், என் சம்பளத்தில்தான் வாடகை.

"என்னம்மா, படம் முடிஞ்சுதா?" என்றார் தலையை நிமிர்த்தாமல்.

"முடிஞ்சுது சார்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் கேட்டு மறுக்கவில்லை, நான் சொல்லவே இல்லை. கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது நீ என் காதோரம், "அந்தப் பொட்டி போட்டுட்டியா?" என்று கேட்டாய். அடுத்த தடவை மாற்றும்போது சேர்த்துவிடுவேன் என்றேன். என் டேட்டாபேஸில் வாசலைத் தாண்டி வந்த தோல் எல்லாம் வாங்கிய தோல். திரும்பிப் போனதை எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் வந்தார். துணி கம்பெனியில் இருந்தவர், தோலைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. இனி நோட்டே கூடாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று உத்தரவு போட்டார். நீ தலையாட்டிவிட்டு, பச்சை நோட்டை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு எழுதி வந்திருக்கிறாய். எனக்கு அது அப்போது தெரியாது.

மார்ச் மாதக் கடைசியில் சரக்கை எண்ணினார்கள். எண்ணி முடிக்க இருட்டிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் வந்தபோது ஸ்டோர்ஸ் பூட்டியிருந்தது, சாவிக்கொத்து உன் இடுப்பில் இல்லை. கம்ப்யூட்டர் அறை வாசலில் உன் செருப்பு கிடந்தது. உள்ளே நீ வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாய். கம்ப்யூட்டர் சொன்ன கணக்குக்கும் கொட்டகையில் இருந்ததற்கும் முந்நூற்று நாற்பது தோல் வித்தியாசம்.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. விட்டுப்போன அந்தப் பெட்டிதான்.

"திரும்பிப் போச்சு சார். மண்டிக்காரங்கோ எட்த்துகினு போனாங்கோ" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய்.

"மண்டிக்காரனும் நீயும் கூட்டு. அவன் வேற என்ன சொல்லுவான்?" மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கம்ப்யூட்டர்ல திரும்பிப் போன சரக்குன்னு ஏதாவது இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

நீயும் என்னைப் பார்த்தாய்.

"இல்ல சார்" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. இத்தனை வருடமாக அந்த ஒரு சமாதானத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூட எடுபட்டதில்லை. மேனேஜர் உன்னை அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்காரச் சொன்னார். நாலு மணிக்குள் தோல் எங்கே போனது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உன்னை ஜீப்பில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். உன் தெரு வழியாகத்தான் அந்த ஜீப் போகும். உன் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற நேரம்.

அன்று பகல் முழுவதும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. மூன்று தடவை எழுந்தேன், மூன்று தடவையும் பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். என் வேலை போகும். தெரிந்தும் விட்டிருக்கிறாள் என்று தாம்பரம் முழுக்கப் பரவும், வேறு எவன் வேலை கொடுப்பான்? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கை மனது போடவே மறுத்தது. ஒரு மணிக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது நீ மடியில் பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நீயும் பயப்படுவாய் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

"சாப்ட்டியா?" என்று கேட்டாய். நான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நாலு மணிக்கு மேனேஜர் போனை எடுத்தார். நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தபோது நான் அவர் அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். எழுந்ததோ நடந்ததோ நினைவில்லை. "சார், தப்பு என் படத்துல" என்றேன். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சார்ட்டை அவர் மேஜையில் விரித்து, பென்சிலால் விட்டுப்போன பெட்டியை வரைந்து காட்டினேன். "திரும்பிப் போற தோலை எழுத நான் இடமே வைக்கல. இவங்க எழுதணும்னாலும் எழுத முடியாது."

"இது எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

"இப்பத்தான் சார்" என்றேன். இது சுத்தப் பொய்.

அப்போதுதான் நீ உள்ளே வந்து பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்து வைத்தாய். அவர் கூட்டிப் பார்க்கக் கூட்டிப் பார்க்க, முந்நூற்று நாற்பதும் கையெழுத்தோடு நேரானது. ஆனால் அவர் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் புரட்டிக்கொண்டு வந்தார். இன்னும் பத்துப் பக்கம், ஐந்து பக்கம். முதல் பக்கத்தில் என் படம், என் கையெழுத்து, ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முந்தைய தேதி. எனக்குக் கண் இருட்டியது. அவர் முன் அட்டை வரை வந்து, மூடி, "நோட்டு வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்று உன்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு அனுப்பினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. முதல் பக்கம் அவர் கண்ணில் படாமல் போனது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"நோட்டு பையிலேயே இருந்துச்சா? காலையிலேயே காட்டியிருக்கலாமே."

"நான் காட்னா உன்னை மாட்டி வுட்டா மாதிரி ஆவும், உன் வேல பூடும். நீயா சொன்னா தப்புன்னு போவும். அதான் சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன்."

"நான் சொல்லாமலே போயிருந்தா?"

பல்லாவரம் பஸ் வந்தது, என்னை முதுகில் தட்டி ஏற்றிவிட்டாய்.

என் வேலை போகவில்லை. இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து அந்த டேபிளைச் சேர்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு எத்தனையோ கம்பெனிகளுக்கு இந்த வட்டத்தை வரைந்துவிட்டேன். எங்கே போனாலும் ஸ்டோர்ஸில் எழுதுகிறவரோடு ஒரு நாள் முழுக்க உட்காராமல் பேனாவைத் திறப்பதில்லை. என்னிடம் வேலை செய்கிறவர்கள் இதை அனுபவம் என்கிறார்கள். பயம் என்று நான் திருத்துவதில்லை. யாராவது "இருக்கா, இல்லையா" என்று கேட்டால் இன்றும் எனக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும். உன் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜரிடம் நான் சொன்ன அந்த 'இப்பத்தான்' பொய்யைப் பற்றி மட்டும் நாம் பேசியதே இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேகத்தில் நோட்டின் அட்டையைத் திறந்தேன். முதல் பக்கத்தைக் காணோம். கிழித்துவிட்டாயோ என்று தடவிப் பார்த்தேன். அட்டை தடிமனாக இருந்தது. முதல் பக்கத்தை நான்கு ஓரமும் கோந்து தடவி அட்டையோடு ஒட்டியிருக்கிறாய். கோந்து பழுத்து மஞ்சளாகியிருக்கிறது.

எப்போது ஒட்டினாய்? அன்று ஸ்டோர்ஸ் காலையிலிருந்து பூட்டிக் கிடந்தது. ஒன்பதிலிருந்து நாலு வரை நீ ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை, மடியை விட்டுப் பையும் நகரவில்லை. முந்தின நாள் கணக்கு உதைத்தபோதே ஒட்டிவிட்டுத்தான் காலையில் வந்திருக்கிறாய். நான் வாயைத் திறப்பேனா மாட்டேனா என்று தெரியாமலே, விரல் நடுங்க நடுங்க. பஸ் ஸ்டாப்பில் நான் கேட்ட கேள்விக்கு இதுதானே பதில்? என் அதிர்ஷ்டம் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேனே, பாவி.

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு உன் மகளுக்குப் போன் செய்தேன். இந்த அட்டையை அவள் எதிரில் பிரித்து, அந்தக் கையெழுத்தைக் காட்டி, எல்லாம் தெரிந்தே உன் அம்மாவை ஒரு பகல் முழுக்க ஸ்டூலில் உட்கார வைத்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். கேட்டதும் அவள் முகம் எப்படி மாறுமோ தெரியவில்லை. நாளைக்குச் சாயங்காலம் வரட்டுமா ஆன்ட்டி என்று கேட்டாள். வேண்டாம், காலை ஒன்பது மணிக்கே வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.