118 குடும்பங்களை ஒன்றாக எண்ணிய தொகுதி வரைபடம்

அனுப்புநர்:
இராஜரட்ணம் கிருபன் (வயது 16),
1407ஆம் கதவு, பதினெட்டு மாடிக் கட்டடம்,
வோபர்ன், ஸ்காபரோ.

பெறுநர்:
தலைவர், தேர்தல் முறையீட்டுக் குழு,
தமிழ் இளையோர் பேரவை, ஸ்காபரோ.

விடயம்: மூன்றாம் தொகுதியின் புதிய எல்லையை இரத்துச் செய்யக் கோரல்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. பேரவைத் தேர்தலில் மூன்றாம் தொகுதிக்கு நான் கொடுத்த வேட்புமனு, "நீர் இப்போது நான்காம் தொகுதி" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துள்ளது. நான் வீடு மாறவில்லை; கோடுதான் மாறியுள்ளது. தெரு வழியே நேராக வந்த எல்லை, எங்கள் கட்டடத்தைக் கண்டதும் நாயைக் கண்ட தபால்காரரைப் போல விலகிச் சுற்றிப் போகிறது.

2. காரணம் விசாரித்தேன். தொகுதிகளில் குடும்பத் தொகை சமமாக இருக்கவேண்டும் என்பது பேரவையின் விதிகளடங்கிய யாப்பின் ஒன்பதாம் பிரிவு. எல்லைக் குழுவினர், தை மாதம் பேரவை வழங்கிய நாட்காட்டிப் பட்டியலை வைத்தே குடும்பங்களை எண்ணியுள்ளனர். தனி வீடுகளுக்கு வாசலுக்கு ஒரு நாட்காட்டி கொடுப்பார்கள். எங்களுக்கோ, கட்டடப் பொறுப்பாளர் அன்ட்ரூவிடம் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போவார்கள். நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்டி, ஒரு கையொப்பம், ஆகவே ஒரு குடும்பம். இக்கணக்கின்படி எங்கள் அனைவருக்கும் குடும்பத் தலைவர் அன்ட்ரூ! நான்காம் தொகுதியில் ஒரு குடும்பம் குறைந்ததாம். எங்களைத் தூக்கி அங்கே வைத்துவிட்டனர். கதவு கதவாகத் தட்டி நான் எண்ணியதில் 118 தமிழ்க் குடும்பங்கள்.

3. இதனால் எஞ்சிய ஒரே வேட்பாளரான என் வகுப்புத் தோழி நிலாணி, எதிர்வரும் சனிக்கிழமை போட்டியின்றித் தெரிவானதாக அறிவிக்கப்படவுள்ளார். எல்லையை அவர் வளைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படிச் செய்யமாட்டார். அதுவும் எனக்கு எரிச்சல்தான். அவருக்குத் தனி வீடு, விவாதப் போட்டிக் கேடயங்கள், போதாக்குறைக்கு "நிலாணியைப் பார், அந்தப் பிள்ளை என்ன வடிவாக் கதைக்குது" என்று புகழ என் அம்மா. இம்மனு பொறாமையில் எழுதப்பட்டது என்பார்கள். ஓம், பொறாமைதான். பொறாமைக்காரன் எண்ணினாலும் 118 குறையாது. நிலாணியின் சுவரொட்டிக்கு மீசை முளைத்தது வேறு வழக்கு. அதை இதோடு சேர்க்கவேண்டாம்.

4. ஆகவே, சனிக்கிழமை அறிவிப்பை நிறுத்திவைத்து, குடும்பங்களை நேரில் வந்து எண்ணி, எல்லையைத் திருத்தி, என் வேட்புமனுவை ஏற்குமாறு பணிவோடு கேட்கிறேன். வாக்கெடுப்பு நடந்தால் பெரும்பாலும் நிலாணிதான் வெல்வார். அவரோடு போட்டியிட்டுத் தோற்றால், கைகொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். போட்டியிடாமலே தோற்றால் அது எனக்கு ஒருநாளும் செமிக்காது, ஐயா.

நீதியை எதிர்பார்த்து,
இ. கிருபன்

இடம்: வோபர்ன்
திகதி: 11.03.2025
இணைப்பு: 118 கதவிலக்கங்களும் குடும்பத்துக்கொரு கையொப்பமும்