வசந்தி ரீச்சருக்குத் தெரிந்த பாஸ்வேட்

என்ரை இஞ்சாருங்கோவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இஞ்சாருங்கோ என்றுதானே கூப்பிடுவேன். கடிதத்திலும் அது வருகுதில்லை. நீங்கள் கண்மூடி எட்டு மாதம். உங்கள் லப்டொப்பைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. பொறாமையோடுதான் எழுதுகிறேன், சொல்லிப்போட்டேன்.

மகளுக்கு உயர்தரக் கணித வகுப்பு சூமில் நடக்கிறது. என் போனில் கணக்கு தெரியுதில்லை என்று அழுதாள். அலுமாரிக்குள் இருந்த லப்டொப்பை எடுத்தேன். திறக்கப் பத்து நிமிடம், பிறகு பாஸ்வேட் கேட்டது. பத்தொன்பது வருசம் உங்களோடு வாழ்ந்தவள், எனக்குத் தெரியவில்லை. தொட்டால் "உமக்கு உது விளங்காது" என்பீர்களே.

ஸ்கந்தபுரம் பள்ளிக்கூடத்தில் உங்களோடு படிப்பித்த வசந்தி ரீச்சரை வரச் சொன்னேன். வந்தவா உங்கள் கதிரையில் இருந்தா. என்னிடம் ஒன்றும் கேட்காமல் பாஸ்வேட்டை அடித்தா. திறந்துவிட்டது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வினாத்தாள் அடிக்கேக்க சேர் தந்தவர், அக்கா."

தேத்தண்ணியை மேசையில் வைத்தேன். எனக்கு ஏன் தரவில்லை?

"விண்டோஸ் சரியாப் பழசு. இதிலை சூம் ஓடாது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு லினக்ஸ் போடுவம்" என்றா. உங்கள் கோப்புகளை முதலில் ஒரு பென்ட்ரைவில் கொப்பி பண்ணினா. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னேன். எதைத் தேடினேன்? எல்லாம் வினாத்தாள்கள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் உங்கள் பெயரும் அவாவின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். என் பெயர் உங்கள் பெயரோடு அச்சில் வந்தது கலியாண அழைப்பிலும், உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பிலும்தான். அதில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு எரிந்தது.

"எழும்புங்கோ ரீச்சர். அழிக்கிற பட்டனை நான் அமத்திறன்."

அமத்தினேன். பாதியில் கரண்ட் போனது. பற்றரி எப்பவோ செத்ததுதானே, திரை கறுத்துவிட்டது. நாளைக்கு வந்து முடித்துத் தருகிறேன் என்றா. வேண்டாம், செய்யிற முறையை மகளின் கொப்பியில் எழுதித் தாங்கோ என்றேன்.

அடுத்தநாள் காலை லப்டொப்புக்கு முன்னால் தனியே இருந்தேன். ரீச்சர் விட்டுப்போன லினக்ஸ் பென்ட்ரைவைச் செருகி எந்த விசையை எப்போது அமத்துவது என்று பிடிபடவேயில்லை. மூன்று தரம் பிழையாகப் போனது. மகள், "அம்மா, ரீச்சருக்குப் போன் எடுங்கோவன்" என்றாள். ஏசிவிட்டேன், பாவம். நாலாம் தரம் ஏறியது. நேரம் எந்த இடத்தினது என்று கேட்டது, கொழும்பைத் தெரிவுசெய்தேன். மத்தியானத்துக்குள் சூம் வேலை செய்தது. எனக்கு விளங்கியது, கேட்டீர்களா?

பெருமை பேசத்தான் வசந்தி ரீச்சருக்குப் போன் எடுத்தேன். அவா சந்தோசப்பட்டா.

"சேர் இருந்திருந்தா..." என்றவா, விக்கி விக்கி அழுதா.

உங்களுக்காக அழுகிறதையும் நான் இவாவோடு பங்கு போடவேண்டுமா என்றுதான் நினைத்தேன். அடுப்பில் கறி கிடக்குது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

நான் செய்தது சரியில்லை. ஒருநாள் அவாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "அழுங்கோ ரீச்சர், உங்களுக்கும் அவர் இல்லைத்தானே" என்று சொல்லுவேன். இப்ப ஏலாது. ஆனால் சொல்லுவேன், இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

இன்னும் எரிச்சலோடு இருக்கும்,
உங்கள் மனுசி