நான் விட்டுவிட்ட சொல்

அண்ணி,

இன்று காலை பக்கத்து வீட்டில் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கினார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து நாள். வாசனை சமையலறைக்குள் வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அது பண்டமாரானில் இருந்த நம் வீட்டின் பின்னறை வாசனை. பாயில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பீர்கள், வாயில் வைக்க மாட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நீங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். பஸ் கண்டக்டர் மாதிரிப் பேசிக் காட்டி என் அம்மாவையே சிரிக்க வைத்த ஒரே ஆள் நீங்கள்தான். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் யாரோடும் பேசாமல் சுருண்டு படுத்திருப்பீர்கள். "மகாராணிக்கு மூடு சரியில்ல" என்போம்.

தேவி பிறந்த மூன்றாம் நாள் அழ ஆரம்பித்தீர்கள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அழுகை நின்று, வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. குழந்தை தூங்கும்போதும் கண் மூடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்ற நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். "நாங்கல்லாம் பிள்ள பெறலயா?" என்றார் அம்மா. ஒரு வெள்ளிக்கிழமை பூசாரியைக் கூட்டி வந்து மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். கையை நீட்டச் சொன்னதும் நீட்டினீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம், ஒரு மத்தியானம். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"கோமதி, பாப்பாவத் தூக்குறப்பல்லாம் கீழ போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத. நீ கொஞ்சம் கூடவே இரு."

சரி என்று தலையாட்டினேன். சாயங்காலமே அம்மாவிடம் போய், "அண்ணி பாப்பாவக் கீழ போட்டுருவேங்குறாங்க" என்றேன்.

பயம் என்ற சொல்லை விட்டுவிட்டேன், அண்ணி. வேண்டுமென்று விட்டேனா, பதற்றத்தில் விட்டேனா என்று இருபது வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். என் பேச்சைக் கேட்டு வீடே திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது பிடித்திருந்தது என்பதை மட்டும் மறைக்க மாட்டேன்.

இரண்டே நாளில் டாக்சி வந்தது. உங்கள் அப்பா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். குழந்தை என் மடியில். பால் கட்டி உங்கள் ரவிக்கை நனைந்திருந்தது. கதவைச் சாத்தும்போது அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். ஏதோ சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

பதினாலு மாதம் கழித்துக் குணமாகி வந்தீர்கள். இஸ்திரி போட்ட சேலை, தலையில் பூ, பக்கத்தில் உங்கள் அப்பா. அம்மா கேட்டைத் திறக்கவில்லை. "எங்கள நம்பிப் பிள்ள இருக்கு. மறுபடி அப்படி வந்தா யாரு பொறுப்பு?" அண்ணன் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். தேவி என் இடுப்பில் இருந்தாள். நீங்கள் கையை நீட்டியதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று முடிவானது. அப்படித்தான் பதினெட்டு வருஷம் வந்தீர்கள்.

எனக்குக் கல்யாணமாகி, சுபாங் ஜெயாவில் இரண்டாவது மாடி வீட்டில் என் மகன் பிறந்தான். மூன்றாவது வாரம் அவனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அந்த எண்ணம் வந்தது. கை பிள்ளையை நழுவவிட்டுவிடும். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே இருந்தேன்.

அவர் அழைத்துப்போன கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர். சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"நெறைய அம்மாவுக்கு வர்ற நெனப்புதான் இது. அது வந்ததும் நீங்க பயப்படுறீங்க பாருங்க, அதத்தான் நான் கவனிக்கிறேன். மாதவிலக்குக்கு முன்னாடி மனசு ரொம்ப இறங்குமா? வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

இரத்தம் எடுத்துத் தைராய்டும் பார்த்தார். பத்து மாதம் ஏறிக்கொண்டே போன ஹார்மோன்கள் பிள்ளை பிறந்த சில நாளில் சடாரென்று விழுந்துவிடும், சில பெண்களின் மூளை அந்த இறக்கத்தைத் தாங்காது என்றார். "இது உங்க குணம் இல்ல. உடம்பு. மருந்து இருக்கு." ஆறு வாரத்தில் சோறு ருசித்தது. மகன் என்னோடுதான் இருந்தான். ஒரு நாள்கூட யாரும் அவனை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஒரு வயதானபோது அவனையும் தூக்கிக்கொண்டு உங்களைத் தேடி பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். டைப் அடித்துத் தேய்ந்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"அப்ப, என் மேல தப்பில்லயா கோமதி?"

"இல்ல அண்ணி."

"உனக்கு எத்தன நாள்ல சரியாச்சு?"

"ஆறு வாரம்."

தெருவில் ஐஸ்கிரீம் மோட்டார்சைக்கிள் மணியடித்துக்கொண்டு போய்விட்டது. "பையனுக்கு பிஸ்கட் குடு" என்றீர்கள். சொல்ல வந்த மற்றதை நான் சொல்லவில்லை. நீங்கள் நிம்மதியாக இருந்ததுபோல் தெரிந்தது, அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் மாரடைப்பு. டைப்ரைட்டர் முன்னாலேயே போய்விட்டீர்கள். காரியம் முடிந்த அன்று உங்கள் வீட்டில் தேவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொல்லையில் நின்ற அன்று எனக்கிருந்த அதே வயது அப்போது அவளுக்கு.

"அத்த, அம்மா என்னக் கீழ போட்டுக் கொல்லப் பாத்தாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. நெசமா?"

கொல்லை, துணி, நீங்கள் சொன்னது, நான் சொன்னது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"இத அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அவங்க வரும்போதெல்லாம் நான் உள்ள ஓடிருவேன் அத்த. பயந்துகிட்டு. பதினெட்டு வருஷம்."

எழுந்து போனவள், உங்கள் பீரோவைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு என் வீட்டுக்கு அவள் வரவில்லை. கோபம் ஆறவேண்டும் என்று நான் கேட்கவும் போவதில்லை.

ஆனால் அவளுக்கும் ஒருநாள் பிள்ளை பிறக்கும். உங்கள் இரத்தத்தில் இருந்தது அவளிடமும் இருக்கலாம். அந்த டாக்டரின் பெயரையும் கிளினிக் விலாசத்தையும் எழுதித் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை, கடிதம் திரும்பியும் வரவில்லை. அவள் கூப்பிட்டால் போய்க் கூடவே இருப்பேன், அண்ணி. கூப்பிடாவிட்டாலும், உங்களுக்கு நேர்ந்ததை இனி என்னிடம் யார் கேட்டாலும் முழுதாகச் சொல்வேன். மிச்சமிருக்கும் காலத்துக்கு எனக்கிருப்பது இந்த ஒரு வேலைதான்.