ஏரியைப் பார்த்து நிற்கும் வீட்டை மீண்டும் வந்து பார்க்கக் கோரி

அனுப்புநர்:
ச. ராஜகுமாரி,
ஏரிக்கரைத் தெரு,
பருத்திப்பட்டு, ஆவடி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வட்டாரப் பாரம்பரியக் கட்டடத் தெரிவுக் குழு,
ஆவடி.

பொருள்: பருத்திப்பட்டு ஏரிக்கரை வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்க மறுத்தது – மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் பிறந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அதே முகவரியில் தனியாக வசித்து வருகிறேன்.

எங்கள் வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டியபோது தெரு இல்லை, ஏரிதான் இருந்தது. எங்கள் முன்னோர் ஏரி மதகைத் திறந்து மூடும் பொறுப்பில் இருந்தவர்கள் என்பதால் வாசலை ஏரிப்பக்கம் வைத்தார்கள். இப்போது கூரியர் கொண்டுவருபவர்கள் சமையலறைக் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் வழியத் தொடங்கும் நாளில், எங்கள் வீட்டுப் பெண்களில் மூத்தவர் காவிக் குழம்பில் வலது கையைத் தோய்த்துக் கூடத்துச் சுண்ணாம்புச் சுவரில் பதிப்பது வழக்கம். மதகு வீட்டில் கை விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கீழ்வயல்காரர்கள் நாற்று விடுவார்களாம். அந்த வயல்கள் இருந்த இடத்தில் இப்போது அடுக்ககங்கள். கை பதிப்பது மட்டும் நிற்கவில்லை. ஏரி வழியாத ஆண்டுகளில் யாரும் பதித்ததும் இல்லை. அந்தச் சுவரை எங்கள் பக்கத்து மழையின் நினைவு என்று நான் சொல்வேன். தாங்கள் வேறு சொல் வைத்துக்கொள்ளலாம்.

காலை வெயில் ஏரியில் பட்டு, வாசல் வழியாக வந்து கூடத்தின் மேற்கூரையிலும் சுவரிலும் ஆடும். அந்நேரம் பாயில் படுத்துப் பார்த்தால் தண்ணீர் மேலேயும் நான் அடியிலும் இருப்பது போலிருக்கும். கைகள் எல்லாம் மெதுவாக அசையும். என் அம்மாவின் கையில் சுண்டுவிரல் சற்று மடங்கியிருக்கும். அது என்னைக் கூப்பிடுவதாகவே தோன்றும். இதனால் பலமுறை வேலைக்குப் போகும் பஸ்ஸை விட்டிருக்கிறேன். இது கனவா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. விழித்துக்கொண்டுதான் பார்த்தேன் என்று மட்டும் உறுதி கூறுகிறேன்.

வீட்டில் எனக்கும் முகப்பேரில் குடியிருக்கும் என் அண்ணன் தட்சிணாமூர்த்திக்கும் சம உரிமை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிடலாம் என்பது அவர் விருப்பம். கெட்டவர் அல்ல. "கவர்மென்ட்டே இது பழைய ஊடுன்னு எழுதிக் குடுத்துச்சுன்னா நான் தொட மாட்டேன். இல்லன்னா தை மாசம் நீயும் கையெழுத்துப் போட்டுடணும்" என்று சொல்லியிருக்கிறார். நானும் சரி என்றேன். அவர் சொன்ன சொல் மாறாதவர் என்பதுதான் எனக்கு நம்பிக்கையும் பயமும்.

அதன் பிறகு நான் அனுப்பிய முதல் மனுவின் பேரில் தங்கள் குழு ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தபோது நான் உறவினர் திருமணத்துக்காகத் திருத்தணி சென்றிருந்தேன். சாவி எதிர்வீட்டு ஜெகதீஷிடம் இருந்தது. பெயின்ட் வேலை செய்பவன், என்மீது உயிரையே வைத்திருப்பவன். நான் திரும்பி வந்தபோது கூடம் முழுக்கப் பளபளவென்று இளம்பச்சை. கதவருகே வாழைமரம், சீரியல் விளக்கு. "ஆபீசர் வராருக்கா. சொவுரு பூரா கறையா கீது, பாத்தா இன்னா நெனப்பாரு? அதான் தெருப் பசங்க எல்லாம் சேந்து முடிச்சிட்டோம்" என்றான். கல்யாணப் பெண்ணைப் போல வீட்டை அலங்கரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மறுநாளே ஆய்வு.

வந்த பொறியாளர் அம்மையார் மரியாதையானவர். இளநீர் குடித்தார். பச்சைக்கு அடியில் கைகள் இருப்பதாக நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு 'அண்மையில் புதுப்பிக்கப்பட்ட கட்டடம், தொன்மைக் கூறுகள் காணப்படவில்லை' என்று எழுதினார். கண்ணில் பட்டதை எழுதினார், அவர் மீது எனக்குப் புகார் இல்லை. ஜெகதீஷ் மீதும் இல்லை. இந்த மனுவில் என் புகார் அந்தப் பச்சையின் மீது மட்டுமே.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடித்து, பெயின்ட் அப்பளம் போலக் கொப்பளித்து உரிந்து விழுகிறது. முதலில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. இன்று காலை பாதிச் சுவர் கைகளாக இருக்கிறது, சில மங்கலாக, சில அரைகுறையாக. ஜெகதீஷ் தினமும் வந்து, சுவரைத் தொடாமல், தரையில் விழுந்ததை மட்டும் கூட்டிவிட்டுப் போகிறான்.

எனவே தை பிறப்பதற்குள் தாங்களே ஒருமுறை நேரில் வந்து பார்வையிட்டு, இவ்வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தயவுசெய்து முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். எங்கள் தெருக்காரர்களின் உபசாரத்தை இந்த வீடு இன்னொரு முறை தாங்காது. காலையில் வாருங்கள். முடிந்தால் கூடத்தில் சற்று நேரம் படுத்துப் பாருங்கள். பாய் சுத்தமானது.

கடைசியாக ஒன்று. கடந்த வாரம் ஏரி வழிந்துவிட்டது. அம்மா போன பிறகு வழிவது இதுதான் முதல் முறை. இப்போது வீட்டில் மூத்த பெண் நான்தான். காவி கரைத்து வைத்தேன், காய்ந்துவிட்டது. மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் கரைத்து வைத்திருக்கிறேன். இடிக்கப்போகும் சுவரில் கை பதிக்க எனக்கு மனம் வரவில்லை. சுவர் நிற்கும் என்று தாங்கள் எழுதித் தந்தால், அன்றே பதித்துவிடுவேன்.

இடம்: பருத்திப்பட்டு
நாள்: 08.12.2025

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ச. ராஜகுமாரி