ஏலக்காய் ஸ்டோரில் அரக்கு வார்னிஷ்

ஐப்பசி 6, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. இவருடைய மோட்டார்க் காயிலும் காயவில்லை.

உலகச் சண்டை வந்ததிலிருந்து சீமை வார்னிஷ் வரத்து இல்லை. எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றினால் மேலே பூச ஒன்றும் கிடையாது. இவரே கண்டுபிடிக்கிறாராம். அரக்கு, ஸ்பிரிட். மூன்று காயிலுக்குப் பூசி நம்பர் போட்டிருக்கிறார்; நெ.2-க்கு மட்டும் கொஞ்சம் விளக்கெண்ணெய். எண்ணெய் என்னுடையது, கேட்காமல் எடுத்தது. நல்ல கரண்டி ஒன்றும் போயிற்று.

மாலையில் மெக்கர், காயிலைச் சோதிக்கிற பெட்டி. மதுரையிலிருந்து இரவல். கைப்பிடியைச் சுற்றினால், கரண்டு கசியாத காயிலுக்கு முள் மேலே ஏறும். நான் சுற்ற, இவர் முள்ளைப் பார்க்க, நான் இவர் முகத்தைப் பார்க்க. மூன்று காயிலும் மோசம்.

"கை வலிக்குதா புள்ள?"

"வலிக்கல. முள்ளப் பாருங்க."

வலித்தது.

ஐப்பசி 7, வெள்ளி

அப்பா வந்தார். பஜாரில் அவருடைய ஏலக்காய்க் கடையில் மாப்பிள்ளைக்கென்று பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டாயிற்றாம். தீபாவளிக்குள் வார்னிஷ் தேறாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கடைக்கு வருகிறேன் என்று ஆடியில் இவர் வாக்குக் கொடுத்தார். அப்பா மறக்கிற ஆளா!

"நாக்காலி நல்லாருக்கு மாப்ள. வந்து ஒக்காந்து பாருங்க."

"தீபாவளி இன்னம் வரல மாமா."

மரியாதையான சண்டை. நடுவில் நான் காப்பி ஆற்றிக்கொண்டு.

ஆனாலும் இவர் கேட்டதும் அப்பா, காயிலை உலர்த்த முந்தல் அடிவாரத்து ஸ்டோரில் ஒரு மூலை கொடுத்தார். பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். வெளியே விறகு எரிய, இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் அனல் சுற்றும். வெயிலுக்கு என்ன அவசியம்?

"ஏலக்காய்ல மட்டும் வார்னிஷ் வாசம் ஏறுச்சு, நா மனுசனா இருக்க மாட்டேன்," என்றார் அப்பா.

ஐப்பசி 9, ஞாயிறு

ஸ்டோரில் வைத்த காயிலிலிருந்து வாசம் ஏறிவிட்டது. பக்கத்துத் தட்டு முழுக்க ஸ்பிரிட் வாடை. அப்பா ஒரு காயை உரித்து முகர்ந்தார். இன்னொன்று.

"இதப் பாயாசத்துல போட்டா பாயாசமே பத்திக்கிரும்."

நெ.2 தயிர் தெளித்த மாதிரி வெள்ளை பூத்துக் கிடந்தது. முள் முன்னைவிடக் கீழே.  வண்டியில் திரும்பும்போது இவருக்கு முறுக்கு கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தார்.

ஐப்பசி 11, செவ்வாய்

நெ.3 எடுக்க மறுபடி முந்தல். கதவைத் திறந்து தலையை நீட்டியதும் என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்தேன். மறுபடி மங்கல். கழற்றி இவரிடம் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"ஈரம் புள்ள."

"சூட்டுல மங்குது."

"இல்ல. அம்புட்டுப் பச்சக் காயும் மூச்சு விடுது. அந்த ஈரத்துக்குள்ள கொண்டாந்து நம்ம மோட்டார்க் காயில வச்சா அரக்கு வெளுக்காம என்ன செய்யும்?"

சொல்லிக்கொண்டே என் கண்ணாடியோடு வண்டி வரை போய்விட்டார். நான் கதவைப் பிடித்தபடி அங்கேயே. சிரிப்பு தாங்கவில்லை. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆக, காலி அறை வேண்டும். ஒரு பகல் போதும். அப்பாவிடம் நானே கேட்டேன்.

"ஆத்தா, மலையில இருந்து பொதி பொதியா எறங்குது. ஒரு நா ஒலத்தாம விட்டா பச்ச நெறம் போயிரும். நெறம் போனா அது ஏலக்காயா?"

அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் கோபம் வந்தது.

ஐப்பசி 13, வியாழன்

மழை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் பட்டறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இவர் கடைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்து வரும்போது எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். நாற்காலி நுனியில், முழங்காலில் கை வைத்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி. அழுதுவிட்டேன், பஜாரில், குடைக்குள்.

ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்தார்.

"ஏவாரி வந்து வெல கேக்குறாக. மாப்ள தராச அக்கக்காக் கழட்டி வச்சிருக்காக."

வெற்றிலை போட்டார். வெகுநேரம் மென்றார்.

"ஸ்டோரு எம்புட்டு நேரம் காலியா வேணும்னு சொன்ன ஆத்தா?"

"ஒரு பகல்ப்பா."

"சனிக்கெழமக் காய தேவாரத்து ஸ்டோருக்கு அனுப்பிப்பிடுறேன்."

தேவாரத்தில் ஸ்டோர் வைத்திருக்கும் சித்தப்பாவோடு அப்பாவுக்குப் பேச்சு நின்று எத்தனையோ வருஷம்.

"அவருகிட்டயா கேக்கப் போறீக?"

"கேக்கத்தான் வேணும். போயி நிக்கிறேன்."

ஐப்பசி 15, சனி

முந்தல். வானம் மூட்டம். அறை காலி. முதலில் என் கண்ணாடியை உள்ளே நீட்டினோம். மங்கவில்லை. நெ.4 உள்ளே, விளக்கெண்ணெய் சேர்த்தது. அடுப்பு ஆளை விலக்கிவிட்டு அப்பாவே விறகு தள்ளினார். வேட்டியெல்லாம் கரி.

சாயங்காலம் எடுத்தோம். வெல்லப்பாகு நிறம். பளபளப்பு. ஆறும்வரை காத்திருந்தோம். நான் மெக்கரைத் தொடப் போனேன்.

"தள்ளு ஆத்தா. நாஞ் சுத்துறேன்."

சுற்றினார். முள் ஏறிற்று, ஏறிற்று, கடைசிக் கோட்டில் போய் நின்றது. அப்பா பதறிவிட்டார்.

"ஏன் நின்னுருச்சு? கெடுத்துப்பிட்டனா?"

"இல்ல மாமா," என்றார் இவர். விரலால் முள்ளைக் காட்டினார். "அதுக்கு மேல கோடு இல்ல."

ஐப்பசி 17, திங்கள்

வெயில்! போர்வை எல்லாம் துவைத்தாயிற்று. ஒரு காயில் தேறினால் போதாதாம், இன்னும் நாலைந்து செய்து பார்க்க வேண்டுமாம். விளக்கெண்ணெய் வாங்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பட்டறை வாசலில் கைவண்டி. அதில் பிரம்பு நாற்காலி.

"அய்யா குடுத்துவிட்டாக," என்றார் வண்டிக்காரர். "இங்கனயே கெடக்கட்டும்னாக."

இவர் அதை மேஜைக்குப் பக்கத்தில் போட்டு, என்னை உட்காரச் சொன்னார். மெக்கரை என் மடியில் வைத்தார். உட்கார்ந்து சுற்றினால் கை அவ்வளவாக வலிக்கவில்லை.